காளியம்மன் சப்பரத்துக்கு லைன் கிளியர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். கம்பியைப் பற்றியும் கம்பத்தைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் எழுதப் போவது சாமியைப் பற்றி. சிரிக்க வேண்டாம். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் ஒரு மின்வாரியப் பிரிவை எடுத்து நடத்தப் போகிறவர் ஊர்ச் சாமிகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வைகாசியிலேயே முழி பிதுங்கிவிடும்.

நான் திண்டுக்கல் டவுனில் தோல் வியாபாரம் செய்த ராவுத்தர் குடும்பத்துப் பெண். முஸ்லிம் பொம்பளைக்குக் காளியம்மன் சப்பரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தப்பில்லை. நடுத்தெருவில், ஊர்க் கூட்டத்தின் முன்னால், என் முகத்துக்கு நேராகவே அதைக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று.

எனக்கு முதல் வேலை சித்தையன்கோட்டைப் பக்கம். வயல்காட்டு நடுவில் எங்கள் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. ஒருநாள் மழையில் அதன்மேல் இடி விழுந்தது. பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மறுவாரம் போய்ப் பார்த்தால் வேலிக்கம்பியில் மஞ்சள் துணி, சந்தனம், குங்குமம், கீழே உடைத்த தேங்காய். என்னோடு வந்த லைன்மேனுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு அபாயப் பலகையை மாட்டலாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று மேலதிகாரிக்குப் போன் போட்டேன். கடுகடுப்பான மனிதர் அவர். யாரையும் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

“பலகைய மாட்டு. துணிய அவுக்காத. அந்த டிரான்ஸ்பார்மர்ல கொக்கி போட்டுக் கரண்டு திருடுறது எம்புட்டுக் கொறையுதுன்னு பாத்துட்டு அப்புறம் எங்கிட்டப் பேசு” என்றார்.

கொக்கி குறையவில்லை, அடியோடு நின்றுபோனது. அதற்கு முன்னால் வேலி போட்டோம், எச்சரிக்கை எழுதினோம், ஆள்விட்டுப் பார்த்தோம், எதற்கும் அடங்காத ஊர். சாமி வீட்டுக் கரண்டில் கைவைக்க மட்டும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பிறகு நேரில் பார்த்தபோது அந்த அதிகாரி ஒன்று சொன்னார். என் பணிக்காலம் முழுக்க அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

“சாமி எதுன்னு பாத்துக்கிட்டு நிக்காதம்மா. கல்லா இருக்கும், மரமா இருக்கும், நம்ம டிரான்ஸ்பார்மராக்கூட இருக்கும். அதைச் சுத்தி யாரு எங்க நிக்கிறாக, யாரு முன்னாடி போறாக, யாரு கைபடக் கூடாதுங்கிறாக, அதப் பாரு. அதான் ஊரு. ஊரை ஒரு சாமி கையில பிடிச்சிக்கிட்டு நிக்கும். அம்புட்டுத்தான் விசயம்.”

சில வருடங்கள் கழித்து எரியோட்டுப் பக்கம் மாற்றினார்கள். மானாவாரிக் காடு, முருங்கை, இடையிடையே நூல் மில்கள். நான் சொல்லப்போகிற ஊர் அங்கேதான். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் காளியம்மனுக்கு வைகாசியில் திருவிழா. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து, ஆத்தா சப்பரம் ஏறி ஊரைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்புவாள். மரமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய உயரமான சப்பரம். உச்சியில் பித்தளைக் கலசம். அந்தச் சப்பரத்துக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. தோளில் ஏற்றினால் கோயில் வாசல் வரும்வரை தரையில் படக் கூடாது. முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுக்கக் கூடாது. தோள் கொடுக்கிற உரிமை நான்கு வகையறாக்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் கூட வரலாம், குலவை போடலாம், தப்பு அடிக்கலாம். தோள் கொடுக்க முடியாது. கீழத்தெரு ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சப்பரத்துக்கு முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போகிறவர்கள். சப்பரத்து மரம் அவர்கள் கையில் பட்டதே கிடையாது.

நமக்கும் அந்தச் சப்பரத்துக்கும் உள்ள சம்பந்தம் ஒரே இடத்தில்தான். மேலத்தெரு முக்கில் பதினோராயிரம் வோல்ட் கம்பி தெருவுக்குக் குறுக்கே போகிறது. கலசத்தின் உயரமும் கம்பியின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே சப்பரம் முக்குக்கு வந்ததும் நாம் சப்ளையை நிறுத்துவோம். ஆத்தா கம்பிக்கு அடியில் கடந்து போவாள். மறுபடி சப்ளை கொடுப்போம். கம்பியில் மின்சாரம் இல்லை, போகலாம் என்று பொறுப்பில் உள்ளவர் வாய்விட்டுச் சொல்லும் உறுதிக்கு நம்மிடம் லைன் கிளியர் என்று பெயர். அந்தத் திருவிழாவில் காளியம்மனுக்கு அதைக் கொடுக்க வேண்டியவள் நான்.

திருவிழாத் தொடக்கத்தில் எனக்கும் என் லைன்மேனுக்கும் ஒரு சண்டை. அவர் அந்த ஊர்க்காரர். திண்டுக்கல்லில் இரவு வேலைக்கு அனுப்பினேன், மாட்டேன் என்றுவிட்டார்.

“காப்புக் கட்டியாச்சு மேடம். சாமி முடியிற வரைக்கும் ஊர் எல்லைக்கு வெளிய ராத்தங்கக் கூடாது.”

“நீங்க கட்டிக்கிட்டீங்க, சரி. கையில காப்பு இல்லாத ஒருத்தரை அனுப்புங்க.”

“கையில கட்டுறது பூசாரி மட்டுந்தான் மேடம். ஆனா அவருக்குக் கட்டுறப்ப ஊருக்குள்ள யாரு இருந்தாலும் ஆத்தா கணக்குல சேந்தாச்சு. யாவாரத்துக்கு வந்தவனா இருந்தாலும் முடியிற வரைக்கும் அவன் இந்த ஊர்ப் பிள்ளைதான். அதுக்குப் பயந்துதான் வெளியூர்க்காரவுக முன்னாடியே கெளம்பிப் போயிர்றது.”

சலித்துக்கொண்டே வேறு ஆளை அனுப்பினேன். வேலையைத் தட்டிக் கழிக்க என்னமாய்க் கதை கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அது மனதில் பதிந்துவிட்டது.

கடைசி நாள் வந்தது. உச்சிவெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். மேலத்தெரு முக்கில் நான், சற்றுத் தள்ளிச் சுவிட்ச் கம்பத்தடியில் லைன்மேன். தப்புச் சத்தம் நெருங்கி வந்தது. குலவை காதைப் பிளந்தது. சப்பரம் திருப்பத்தில் தலைகாட்டியது. ராகு காலத்துக்கு முன்னால் ஆத்தா கோயிலுக்குள் போயாக வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். சப்ளையை நிறுத்தச் சொல்லி நான் கையைத் தூக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். கால் செருப்பைக் காணோம்.

“மேடம், கரண்ட நிறுத்திராதீக! எட்டாம் மாசத்துலயே பிரசவமாயிருச்சு. பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது. ஆக்சிஜன் மிசினும் சூட்டுப் பெட்டியும் ஓடிக்கிட்டு இருக்கு. டவுன்லருந்து ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டு இருக்கு. அது வரைக்கும் கரண்டு போச்சுன்னா பிள்ளை தங்காது மேடம்.”

சுகாதார நிலையம் முக்குக்கு அந்தப் பக்கம், ஊர்க்கோடியில், புறவழிச் சாலையை ஒட்டி இருந்தது. தெருவைக் கடக்கிற அதே கம்பியிலிருந்துதான் அதற்கும் சப்ளை. அவர்களுடைய ஜெனரேட்டர் பழுது பார்க்கப் போயிருந்தது. திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போட்டவரின் ஜெனரேட்டராவது கிடைக்குமா என்று விசாரித்தேன். அவர் காலையிலேயே அதை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டாராம். வேறு வழியே இல்லை. சப்ளையை நிறுத்தினால் பிள்ளை போகும். நிறுத்தாவிட்டால் சப்பரம் நகர முடியாது.

நான் லைன்மேனைப் பார்த்து, “என் வாயால சொல்லாம அந்தச் சுவிட்சத் தொடாதீங்க. யார் சொன்னாலும் தொடாதீங்க” என்று கத்தினேன். பிறகு சப்பரத்துக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்றேன். கம்பிக்கு ஒரு மாட்டுவண்டி நீளம் இருக்கும்போது சப்பரம் நின்றது. தப்பும் நின்றது.

பெரியதனக்காரர் முன்னால் வந்தார். ஊருக்குத் தலைவர் அவர்தான். நெடுநெடுவென்று உயரம், தோளில் பச்சைக்கரைத் துண்டு.

“என்ன தாயி, கரண்ட நிறுத்தலையா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் சொன்னார்: “பாவந்தான் தாயி. ஆனா ராகு காலம் வந்துக்கிட்டு இருக்கு. ஆத்தா நடுவழியில நின்னதா சரித்திரமே கெடையாதே. செத்த நேரம் நிறுத்திட்டுப் போட்டா ஆகாதா?”

“செத்த நேரத்துலதான் பெரியவரே உசுரு போகும்.”

கூட்டத்தில் ஒருவர், “யாரு வீட்டுப் பிள்ளை?” என்று குரல் கொடுத்தார்.

“மில்லுல வேலை பாக்குற வடக்கத்திப் பொண்ணு” என்றார் நர்ஸ்.

அதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு தளர்ச்சி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஊர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லியிருந்தால் இந்நேரம் பாதிப் பெண்கள் சுகாதார நிலையத்துக்கு ஓடியிருப்பார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு வாலிபன், “அந்த மூங்கிலைக் குடுங்கப்பா, கம்பியத் தூக்கிப் பிடிச்சிக்கிறேன், சப்பரம் அடியில போயிரட்டும்” என்று முன்னால் வந்தான். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ தெரியாது. “கிட்ட வந்தே, கம்பி உன்னைத் தொடுறதுக்கு முன்னாடி நான் தொட்டுருவேன், பாத்துக்க! பதினோராயிரம் வோல்ட்டு, மூங்கிலு முருங்கைக்காய்னு பாக்காது. போடா அந்தப் பக்கம்!” என்றேன். அவன் மூங்கிலைப் போட்டுவிட்டு ஒதுங்கினான். நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

ஆனால் நான்கு வகையறாவில் ஒருவர், சப்பரத்துக்கு அடியில் தோள் கொடுத்து நின்றபடியே கேட்டார்: “ஒங்களுக்கு என்னம்மா தெரியும் எங்க ஆத்தா வழக்கம்? நீங்க தொழுகிறவுக. வடக்கத்தியான் பிள்ளைக்காக எங்க ஆத்தா வெயில்ல நிக்கணும்னு சொல்றதுக்கு நீங்க யாரு?”

ஒரு நிமிடம் என் காதெல்லாம் சூடாகிவிட்டது. சுருக்கென்று பதில் சொல்ல எனக்கும் வாய் இருந்தது. போலீசைக் கூப்பிட்டிருக்கலாம். கோயில் பந்தலில் இரண்டு காவலர்கள் இருந்தார்கள். மனிதாபிமானம் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. அதுதான் என் முப்பத்துச் சொச்ச வருட வேலையில் நான் எடுத்த நல்ல முடிவு என்று இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன். போலீஸ் வந்தால் அது ஊருக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை. பிரசங்கம் செய்தால் அது ஊருக்கும் ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கும் சண்டை. இரண்டிலும் அந்தப் பிள்ளை காணாமல் போய்விடும். இது ஆத்தாளின் கணக்கு என்றால் அவளுடைய கணக்குப்படியே கேட்போம் என்று நினைத்தேன்.

பெரியதனக்காரரை விட்டுவிட்டுப் பூசாரியிடம் போனேன். ஒடிசலான ஆள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“ஐயா, அவர் சொன்னது சரிதான். எனக்கு உங்க வழக்கம் தெரியாது. அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். உங்களுக்குக் காப்புக் கட்டினப்ப அந்தப் பொண்ணு ஊருக்குள்ள இருந்துச்சா, இல்லையா?”

பூசாரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார். மில் ஆட்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர் அவர்.

“எங்கயும் போகல. என் வீட்டுலதேன் குடியிருக்கு. அன்னைக்கு வகுத்தத் தள்ளிக்கிட்டு என் வாசல்ல நின்னு, ஆத்தா இருக்கிற தெசையப் பாத்துக் கும்பிட்டுச்சு. நாந்தேன் துன்னூறு பூசி விட்டேன்.”

“அப்ப ஆத்தா கணக்குல அந்தப் பொண்ணு யாரு ஐயா?” என்று கேட்டேன்.

பூசாரி ஒருமுறை கலசத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த காப்பைப் பார்த்தார். அவருக்கு அது சுலபமில்லை. ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் சுற்றி வளைக்கவில்லை.

“காப்புக்குள்ள வந்த பிள்ளை. ஊர்ப் பிள்ளைதேன்” என்றார். குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னார்: “காப்புக்குள்ள ஒரு உசுரு போச்சுன்னா ஆத்தா எப்பிடிய்யா கோயிலுக்குள்ள போவா? வாசல்லயே நின்னுருவா.”

“ராகு காலம்?” என்றார் பெரியதனக்காரர்.

“கெளம்புறதுக்குத்தேன் நேரம் பாக்கணும். நிக்கிறவளுக்கு என்ன ராகு, என்ன கேது?”

பெரியதனக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். “ஆத்தா நிக்கட்டும்” என்றார். நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு வந்த வழியே ஓடினார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் சப்பரம் தோளில் இருந்தது. தரையில் வைக்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது. நடக்கும்போது தெரியாத பாரம் நிற்கும்போது தெரியும். நான்கு வகையறாவிலும் பாதிப் பேர் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வயசாளிகள். மாற்றுத் தோளுக்கு ஆள் குறைவு. வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒருவருக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியது. சப்பரம் லேசாக முன்பக்கம் சாய்ந்தது. கலசம் கம்பியை நோக்கிக் குனிந்தது.

நான் அந்தக் கலசத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் கம்பியில் பட்டுவிடும். பட்டால் அடியில் நிற்கிற அத்தனை பேரும் கருகிப்போவார்கள். ஒரு பக்கம் சூட்டுப் பெட்டியில் ஒரு பிள்ளை. இன்னொரு பக்கம் இத்தனை ஆண்கள். லைன்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினால் போதும், சுவிட்ச் விழுந்துவிடும். என் கை பாதிவரைக்கும் வந்ததை மறைக்க மாட்டேன். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன்.

“இது சாஞ்சா ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க! எனக்குத் தோள் வேணும், இப்பவே வேணும். யார் தோள்னு நான் கேக்கல!”

ஒருவரும் அசையவில்லை. தோள் கொடுக்க ஆளில்லாமல் இல்லை. சப்பரத்துக்கு முன்னால், கைக்கெட்டுகிற தூரத்தில், கீழத்தெரு வாலிபர்கள் தப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திடகாத்திரமான பிள்ளைகள். அவர்களும் பெரியதனக்காரரைப் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குள் எத்தனை தலைமுறை கிடந்ததென்று எனக்குத் தெரியாது. நான் அதில் வாய் வைக்கவில்லை. என் வேலை கம்பி. எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மீதியை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

“ஏலே, தப்பைக் கீழ வைங்க. வந்து பிடிங்கப்பா” என்றார் பெரியதனக்காரர்.

அந்த வாலிபர்களில் மூத்தவன் உடனே நகரவில்லை. “வழக்கம் இல்லையே பெரியவரே” என்றான். குரலில் கேலியும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

“இன்னைக்கி இருக்கு” என்றார் அவர். பிறகு, “வாப்பா, கேட்டுக்கிறேன்” என்றார்.

வந்தார்கள். நடுங்கிய தோள்களுக்குப் பக்கத்தில் புதுத் தோள்கள் புகுந்தன. கலசம் மெல்ல நிமிர்ந்தது. முன்பு என்னை நீங்க யாரு என்று கேட்ட அந்த மனிதர், தன் பக்கத்தில் கீழத்தெருப் பையன் வந்து நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். வாடகைக்கு விட்ட அந்த அம்மா, கூட்டத்து ஓரத்தில் பேயறைந்தது போல நின்ற ஒரு வடக்கத்தி வாலிபனின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளையின் தகப்பன் அவன்தான். சுகாதார நிலையத்துக்குள் விடவில்லை, எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் சப்பரத்தின் பின்னால் வந்து நின்றிருக்கிறான்.

“போய்யா, ஒம் பிள்ளைக்கித்தேன் ஆத்தா நிக்கிறா. நீயும் பிடி” என்றார் அந்த அம்மா. அவனுக்கு எத்தனை வார்த்தை புரிந்ததோ. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தோள் கொடுத்தான். அழுதுகொண்டேதான் நின்றான். அவன் தோள் மாற்றவே இல்லை.

அப்படி ஊரே சுமந்துகொண்டு நின்றது. பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து சப்பரம் தூக்கியவர்களின் வாயில் ஊற்றினார்கள். வாங்கிக் குடித்தவர்கள் யார் வீட்டுச் செம்பு என்று பார்க்கவில்லை. ஊர்க்கோடியில் சைரன் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று, மறுபடியும் கிளம்பி, தேய்ந்து போனது. என் போன் அடித்தது. “ஏத்தியாச்சு மேடம். வண்டியில ஆக்சிஜன் இருக்கு. பிள்ளை அழுதுச்சு மேடம்” என்றார் நர்ஸ்.

நான் கையைத் தூக்கினேன். லைன்மேன் சுவிட்சை இறக்கினார். கம்பி செத்துவிட்டது என்று சோதித்துப் பார்த்துக்கொண்டு, பூசாரியிடம் போய், “லைன் கிளியர் ஐயா. ஆத்தா போகலாம்” என்றேன். குலவை எழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு குலவையை நான் கேட்டதில்லை. ராகு காலத்தில்தான் ஆத்தா கோயிலுக்குள் போனாள். யாரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சாயங்காலம் பெரியதனக்காரர் அலுவலகத்துக்கே வந்து தேங்காய் பழமும் மாலையும் கொடுத்தார். கோயில் மரியாதை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் என் கணவர் மாலையைப் பார்த்துவிட்டு, “காளியம்மனுக்கே ஆர்டர் போட்டுட்டு வந்திருக்கா” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்?

அடுத்த வருடம் எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று எழுதினால் பொய். தோள் உரிமையைத் திரும்பக் கேட்டு நான்கு வகையறாவும் மல்லுக்கு நின்றார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்குவீகளோ என்று கீழத்தெரு தப்பு அடிக்க மறுத்தது. ஊர்க்கூட்டம் பல தடவை கூடிக் கலைந்தது. கடைசியில் பூசாரி ஒரு முடிவு சொன்னார். முக்கு வரை பழைய வழக்கம். முக்கில் ஆத்தா நிற்பாள். அங்கிருந்து கோயில் வரை யார் வேண்டுமானாலும் தோள் கொடுக்கலாம். முழு நியாயம் என்று நான் சொல்லமாட்டேன், பாதித் தெருவுக்குத்தான் நியாயம். ஆனால் அந்தப் பாதித் தெருவை எந்தச் சட்டமும் வந்து வாங்கிக் கொடுக்கவில்லை.

முக்கில் நிற்கும்போது பூசாரி சத்தமாக ஒரு கேள்வி கேட்பார். அதையும் அவரே கொண்டுவந்ததுதான்: “ஊருக்குள்ள யாரும் நோவுல கெடக்காகளா?” கூட்டம், “இல்ல ஆத்தா, நீ போ” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்த அடி. ஒரு வருடம், இருக்கு என்று ஒரு குரல் வந்தது. மாரடைப்பு வந்த ஒருவரை வண்டியில் ஏற்றி அனுப்பும்வரை ஆத்தா நின்றாள். கம்பியில் ஆள் இருக்கிறாரா என்று கேட்காமல் நாம் சப்ளை கொடுப்பதில்லை. அவளும் இப்போது ஊரைக் கேட்காமல் அடி எடுத்துவைப்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்தத் தெருவில் கம்பியை எடுத்துவிட்டுக் கேபிளைப் பூமிக்கு அடியில் புதைத்துவிட்டார்கள். நல்ல வேலை. உங்களைப் போலப் புதிதாக வந்த உதவிப் பொறியாளர் ஒருவர் அதைச் செய்தார். போன வைகாசியில் அவரே என்னைத் திருவிழாவுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். இனிமேல் சப்பரம் ஓரிடத்திலும் நிற்க வேண்டியதில்லை என்பதை நான் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

சப்பரம் மேலத்தெரு முக்குக்கு வந்தது. மேலே வெறும் வானம்தான். சப்பரம் நின்றது. தோள்கள் மாறின. அந்த இளைஞருக்கு முகம் சுருங்கிவிட்டது. நேராகப் பூசாரியிடமே போய், “ஐயா, இப்பத்தான் கம்பியே இல்லையே. எதுக்கு நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

பூசாரிக்கு இப்போது நல்ல வயது. அவர் அந்த இளைஞரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“கம்பிக்காகவா தம்பி நின்னோம்?” என்று கேட்டுவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.